தளர்வாகத் தைத்த பிஸ்டன்

என் மருமகளுக்கு ஒரு கொள்கை உண்டு. இரும்பு கடையும் லேத்தில் ஏற்றிய வேலை முடியாமல் அந்த லேத்தை இருந்த இடத்திலிருந்து ஒரு விரற்கடை கூட நகர்த்த விடமாட்டாள். இந்தக் கொள்கை மட்டும் அவளுக்கு இல்லாதிருந்தால், கல்யாணத் துணியிலிருந்து கால்சட்டை வரை தைத்துப் பேர் வாங்கிய நான், என் மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு பாதுகாப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இரும்புத் தூளில் நின்று அவளிடம் திட்டு வாங்கியிருக்க மாட்டேன்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள். தெருப்பக்கத்து அறை என் தையல் கடை. பின்பக்கத்து அறை அவளுடைய லேத் பட்டறை. நடுவில் இருப்பது சுவர் என்று பெயருக்குச் சொல்லலாம். அவள் அந்தப் பக்கம் பம்ப் தண்டு ஒன்றை ஆழமாகக் கடைந்தால் இந்தப் பக்கம் என் ஊசிப்பெட்டி தானாக நடந்து மேசை விளிம்புக்கு வந்துவிடும். அவள் செருப்பில் ஒட்டிய இரும்புச் சுருள் என் கடைக்குள் வந்து பட்டுத் துணியைப் பிடித்து இழுக்கும். ஒருமுறை ஒரு டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டில் ஐந்து விரலும் பதிந்த எண்ணெய்க் கை. போலீஸ்காரர் கேட்டால் ரேகை எடுத்துக் கொடுத்திருக்கலாம்.

நான் திட்டினேன். மறைப்பானேன், தினமும் திட்டினேன். எனக்குத் திட்டுவது மூச்சு விடுகிற மாதிரி. திட்டி முடித்ததும் நானே அவளுக்கும் சேர்த்துத் தேநீர் போட்டுக் கொண்டு போவேன். அவளும் "சரி அத்தை" என்று வாங்கிக் குடிப்பாள். இதில் என்ன தப்பு? ஆனால் என் மகன் ஒருவன் இருக்கிறானே, ரொட்டிக் கடைக்கு வண்டி ஓட்டுகிறவன், அவன் இதையெல்லாம் மனதில் எழுதி வைத்திருக்கிறான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவன் எண்ணம். ஒரு நாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ஒரு ஷெட் பாத்திருக்கேம்மா. மேல ரெண்டு ரூம் இருக்கு. லேத்தும் நாங்களும் அங்க போயிட்டா உனக்கும் நிம்மதி, அவளுக்கும் நிம்மதி."

நிம்மதி வேண்டும் என்று உன்னிடம் எவள்டா கேட்டாள் என்று நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் வாயிலிருந்து வெளியே வந்ததோ, "நல்லது." அதுவும் தயிர் பாத்திரத்தை நகர்த்துகிற மாதிரிச் சாதாரணமாக. மருமகள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு அவளும் தட்டைப் பார்த்தாள்.

"லாரிக்கு எப்பச் சொல்லலாம்?" என்று மகன் கேட்டான்.

"கையில இருக்கற வேலை முடியட்டும்" என்றாள் அவள். "பாதி வேலையோட லேத்தை நகர்த்துனா எல்லாம் மாறிப் போயிடும். திரும்ப லெவல் வச்சு அந்த அளவைப் பிடிக்கறது நடக்காத காரியம்."

அவர்கள் போகக் கூடாது. விஷயம் அவ்வளவுதான். அதைச் சொல்லத்தான் வாய் வரவில்லை. ஆனால் அவள் கொள்கையைக் கேட்டதும் என் மூளையில் ஒரு முடிச்சு விழுந்தது. கையில் வேலை இருக்கிற வரைக்கும் லேத் நகராது. லேத் நகராத வரைக்கும் இவர்கள் நகர மாட்டார்கள். அப்படியானால் அந்த லேத்தில் முடியவே முடியாத ஒரு வேலை ஏற வேண்டும். உலகத்திலேயே மெதுவாக வேலை செய்யும் ஆள் அதைச் செய்ய வேண்டும்.

மறுநாள் காலையில் பட்டறைக்குள் போய் நின்றேன்.

"எனக்கும் இதைக் கத்துக் குடு."

"எதை அத்தை?"

"இதைத்தான்." லேத்தை ஒரு மாட்டைக் காட்டுவது போலக் காட்டினேன். "துணி வெட்டுறவளுக்கு இரும்பு வெட்ட எவ்வளவு நேரம் ஆகப் போகுது?"

அவள் சிரிக்கவில்லை. அதுதான் அவளிடம் எனக்குப் பிடித்த குணம். பரண் தட்டிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இறக்கினாள். தூசியைத் தட்டினாள். உள்ளே ஒரு வரைபடம், பித்தளையும் வார்ப்பிரும்புமாகக் கரடுமுரடான துண்டுகள், கடைசலுக்குக் காத்திருக்கும் ஒரு குட்டிச் சக்கரம். உள்ளங்கையில் அடங்கும் ஒரு நீராவி எஞ்சினாம். கல்யாணத்துக்கு முன்னாலேயே ஆசைப்பட்டு வாங்கி வைத்தாளாம். ஊரார் பம்புக்குத் தண்டு கடையவே நேரம் சரியாக இருந்ததால் இதைத் தொடவே இல்லையாம்.

"இதை நீங்க செய்யுங்க" என்று பெட்டியை என்னிடம் நீட்டினாள். கொடுத்த கை உடனே பின்னால் போகவில்லை. அதை நான் கவனித்தேன்.

முதல் பாடம் லேத்தைப் பற்றியது அல்ல, என்னைப் பற்றியது. என் வளையலைக் கழற்ற வைத்தாள். தலைமுடியைத் துணியால் கட்டினாள். பிறகு என் கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கழுத்தில் என் அளவு டேப் தொங்கியது. நான் தையல்காரியான நாள் முதல் அது அங்கேதான் தொங்குகிறது. குளிக்கும்போதுகூடச் சில சமயம் மறந்துவிடும்.

"அதையும் கழட்டுங்க அத்தை. சுத்துற சக்குல மாட்டிச்சுன்னா டேப்போட நீங்களும் போயிடுவீங்க."

சக்கு என்றால் துண்டைக் கவ்விச் சுழலும் தலை. அதை இறுக்க ஒரு சாவி உண்டு. "சாவி கையில இருக்கணும், இல்லாட்டி ஆணியில இருக்கணும். சக்குல இருக்கவே கூடாது. அப்படியே ஸ்விட்சைப் போட்டா பறந்து வந்து மண்டையை உடைக்கும்" என்றாள். என் டேப்பையும் வாங்கி அதே ஆணியில் மாட்டினாள். கழுத்து வெறிச்சென்றிருந்தது. யாரோ திருடிக்கொண்டு போன மாதிரி அன்று முழுக்கக் கழுத்தைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

என்னைத் திட்டுவதில் அவளுக்கு ஒரு சங்கடம். நான் மாமியார். மரியாதை குறையக் கூடாது. அதனால் அவள் திட்டெல்லாம் இப்படித்தான் வரும்: "கொஞ்சம் தள்ளி நிக்கறீங்களா அத்தை, இல்லாட்டி கண்ணு போயிடும்." "அத்தை, தயவு செஞ்சு அந்தக் கையை எடுங்க, நமக்கு அது வேணும்." என்னை யாரும் இவ்வளவு பணிவாக அவமானப்படுத்தியதில்லை.

துண்டை வெட்டிப் பிரிக்கும் மெல்லிய டூல் ஒன்று உண்டு. அதை நான் கத்தரிக்கோல் என்று நினைத்து ஒரே அழுத்தாக அழுத்தினேன். படார் என்று ஒரு சத்தம். டூல் இரண்டு துண்டு. மருமகள் கண்ணை மூடித் திறந்தாள்.

"உன் மெஷின் ஆடுது" என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான்.

"அந்த டூல் போன வாரம்தான் வாங்கினது அத்தை."

"மாமியார் உடைச்சா மண்குடம். பழமொழியே இருக்கு, கேட்டதில்லையா?"

"நான் உடைச்சிருந்தா?"

"அது பொன்குடம். நாள் முழுக்கத் திட்டியிருப்பேன்."

அன்றுதான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சுவருக்கு இரண்டு பக்கமும் அத்தனை நாள் இருந்தும் அவள் சிரிப்புக்கு இவ்வளவு சத்தம் உண்டு என்று எனக்குத் தெரியாமலே போயிருந்தது.

என் திட்டப்படி வேலை இழுத்தது. இழுக்க நான் மெனக்கெடவே வேண்டியிருக்கவில்லை, என் கை அதைத் தானாகவே பார்த்துக்கொண்டது. போதாததற்கு அவளும் ஒவ்வொன்றையும் நோண்டி நோண்டிப் பார்த்தாள். சக்கரத்தின் விளிம்பு பளபளவென்று வந்த பிறகும் விளக்குக்கு நேராகப் பிடித்து, "கோடு தெரியுது அத்தை, இன்னொரு தடவை எடுங்க" என்பாள். எனக்கு ஒரு கோடும் தெரியாது. சக்கரத்தைச் சுற்ற வைக்கும் கிராங்கை இரண்டு முறை புதிதாகச் செய்ய வைத்தாள். கண்டிப்பான வாத்தியாரம்மா என்று நினைத்துக்கொண்டேன். ஷெட்டின் சொந்தக்காரர் போன் செய்து "எப்ப வர்றீங்க?" என்று கேட்பதும், என் மகன் "அம்மா ஒரு எஞ்சின் செய்றாங்க, முடிஞ்சதும் வந்துடறோம்" என்று சொல்வதும், அவர் "என்ன செய்றாங்க?" என்று திரும்பக் கேட்பதும் வழக்கமாகிவிட்டது.

இடையில் ஒரு விபரீதம் நடந்தது. எனக்கு அந்த வேலை பிடித்துப் போனது. எஃகு சுருள் சுருளாக வரும். பித்தளை அப்படியில்லை, பொடிப்பொடியாகத் தெறித்து முழங்கை வரைக்கும் மினுக்கும். கரடாக ஏறின துண்டு வழவழவென்று இறங்குவதைப் பார்த்தால் சாப்பாட்டு நேரம் மறந்துவிடும். என் கடையில் துணி கொடுத்தவர்கள் வந்து காத்திருந்து, பட்டறைக் கதவில் எட்டிப் பார்த்து, பயந்துபோய்த் திரும்பினார்கள்.

கடைசியாக மிஞ்சியது சிலிண்டரும் பிஸ்டனும். சிலிண்டரின் துளையை வரைபடத்தில் உள்ள அளவுக்குக் குடைந்தேன். மருமகள் வெர்னியர் அளவுகோலை வைத்துப் பார்த்து, "ரொம்ப நல்லா வந்திருக்கு" என்றாள். அந்தப் பாராட்டில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அதே வேகத்தில் பிஸ்டனையும் நானே தனியாகக் கடைந்து முடித்து, சனிக்கிழமை மதியம் அவள் கையில் கொடுத்தேன்.

அவள் பிஸ்டனைச் சிலிண்டரில் விட்டாள். அது நிற்கவே இல்லை. மேலே விட்டது கீழே "டொக்" என்று மேசையில் விழுந்தது.

திரும்ப விட்டாள். டொக்.

சிலிண்டரைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து என்னையும் பார்க்கச் சொன்னாள். பிஸ்டனைச் சுற்றி மெல்லிய பிறை மாதிரி வெளிச்சம் தெரிந்தது.

"என்ன பண்ணீங்க அத்தை?"

"உடம்பை விட உடுப்பு கொஞ்சம் தாராளமா இருக்கணுமே. மூச்சு விட வேண்டாமா?"

"அத்தை. இது பிஸ்டன். பாவாடை இல்ல."

"தளர்வா இருந்தா என்ன, அப்புறமாப் பிடிச்சுத் தைச்சுக்கலாமேன்னு…"

"பித்தளையை எப்படி அத்தை பிடிக்கறது?"

வாழ்நாள் முழுக்க நான் யாருக்கும் உடம்போடு ஒட்டித் தைத்ததில்லை. சாப்பிட்டால் வயிறு கொஞ்சம் முன்னுக்கு வரும், உட்கார்ந்தால் இடுப்பு விரியும், எல்லாவற்றுக்கும் இடம் விட்டுத்தான் வெட்டுவேன். கை தானாகவே அந்தப் பித்தளைக்கும் இடம் விட்டுவிட்டது. பித்தளை சாப்பிடாது என்பது கைக்குத் தெரியவில்லை.

அவள் பிஸ்டனை உருட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டாள். "வேணும்னே பண்ணீங்களா?"

எனக்குச் சுருக்கென்றது. அத்தனை நாளும் வேண்டுமென்றே இழுத்தடித்த கள்ளி நான்தான். ஆனால் இந்தப் பிஸ்டனை மட்டும் சத்தியமாக ஆசை ஆசையாகக் கடைந்தேன். திருடாத அன்றைக்குத்தான் திருடி என்று பிடித்தார்கள். "என் வேலையில நான் விளையாட மாட்டேன்" என்று சொல்லிவிட்டு என் கடைக்கு வந்து உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் மகன் வந்தான். ஷெட்காரர் கெடு வைத்துவிட்டாராம். நாளைக்கு லேத் வந்தால் ஆயிற்று, இல்லாவிட்டால் டயர் கடைக்காரருக்கு விடப் போகிறாராம். புதுப் பிஸ்டன் கடைய அந்தத் தடிமனில் பித்தளைக் கம்பி வேண்டும். உலோகக் கடைக்காரரோ மகளுக்குப் பிரசவம் என்று கடையைப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவார். வேலை முடியாமல் லேத் நகராது. "அவ்வளவுதாம்மா, ஷெட் போச்சு" என்று சொல்லிவிட்டு, தான் ஏற்கனவே கட்டி வைத்திருந்த பாத்திர மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டான்.

பழம் நழுவிப் பாலில் விழுந்திருந்தது. நான் ஒன்றுமே செய்ய வேண்டாம். சும்மா இருந்தால் போதும், அவர்கள் இங்கேயே இருப்பார்கள். அந்தச் சந்தோஷத்தில் டாக்டரம்மாவின் புது வெள்ளைக் கோட்டை எடுத்து மடியில் போட்டுக்கொண்டேன். பொத்தான் துளை ஒன்று வாய் பெரிதாகி, பொத்தான் நழுவுகிறது என்று கொடுத்திருந்தார்கள். நூலைக் கோத்துத் துளையின் விளிம்பைச் சுற்றிச் சுற்றி அடைத்துக்கொண்டே வந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சின்ன சத்தம். சர்ர்ர் என்று ஏதோ சுற்றி ஓய்ந்தது. மறுபடி சர்ர்ர். எட்டிப் பார்த்தேன். மருமகள் முக்காலியில் உட்கார்ந்து அந்தக் குட்டி எஞ்சினின் சக்கரத்தை ஒரு விரலால் சுண்டிவிட்டுக்கொண்டிருந்தாள். அது சுற்றும், நிற்கும். மறுபடி சுண்டுவாள். பெட்டியைக் கொடுக்கும்போது பின்வாங்காத அந்தக் கை எனக்கு ஞாபகம் வந்தது. எத்தனை வருஷ ஆசை, என் ஒரு பாவாடைக் கணக்கில் போய்விட்டது.

கையில் இருந்த பொத்தான் துளையைப் பார்த்தேன். வாய் பெரிதானால் நூல் சுற்றித்தானே சின்னதாக்குகிறேன்?

ஐயோ, ஏன்டி உனக்கு இந்த யோசனை இப்போது வர வேண்டும் என்று என்னையே வைதுகொண்டேன். இதைச் செய்தால் எஞ்சின் ஓடும். ஓடினால் வேலை முடிந்தது. முடிந்தால் நாளைக்கு லாரி. யோசனை வரவே இல்லை என்று உட்கார்ந்திருக்கலாம். யாருக்குத் தெரியப் போகிறது? சர்ர்ர் என்றது அந்தப் பக்கம். எனக்கு அழுகை வந்தது, கூடவே கோபமும் வந்தது. கோட்டைத் தோளில் போட்டுக்கொண்டு, பொத்தான் தைக்கும் கெட்டிப் பருத்தி நூலையும் மெழுகுக் கட்டியையும் எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"பிஸ்டனைக் குடு."

"எதுக்கு அத்தை?"

"பித்தளையைப் பிடிக்க முடியாதுன்னு சொன்னியே. பிடிச்சுக் காட்டறேன்."

கோட்டையும் கழுத்து டேப்பையும் மேசையில் வைத்துவிட்டு, பிஸ்டனைச் சக்கில் ஏற்றி, இடுப்பில் நாடா போடுகிற மாதிரி நடுவில் ஒரு பள்ளம் வெட்டினேன். இந்தத் தடவை டூல் உடையவில்லை. லேத்தை நிறுத்தி, கோட்டையும் டேப்பையும் பழையபடி மேலே போட்டுக்கொண்டு, நூலை மெழுகில் இழுத்து, பள்ளத்தில் நெருக்கமாக, ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல், இழுத்து இழுத்துச் சுற்றினேன். முடிச்சை உள்ளே புதைத்தேன். எண்ணெய் தடவிச் சிலிண்டரில் விட்டபோது அது விழவில்லை. புது மோதிரம் விரலில் இறங்குவது போலத் தயங்கித் தயங்கி இறங்கியது.

மருமகள் எஞ்சினைப் பூட்டினாள். தூசி ஊதும் காற்றுக் குழாயைச் சிலிண்டரோடு இணைத்துத் திறந்தாள். புஸ் என்று ஒரு பெருமூச்சு மட்டும் வந்தது. அவள் சக்கரத்தை விரலால் ஒரு சுண்டு சுண்டினாள்.

டுக். டுக். டுக்டுக்டுக்டுக்.

ஓடியது! சின்னப் பிராணி ஒன்று அவசர வேலையாகப் போவது போல, ஆரக்கால்களெல்லாம் மறைந்து சக்கரம் ஒரே தட்டாகி ஓடியது. ஓடின வேகத்தில் எண்ணெயை வாரி இறைத்து, என் தோளில் கிடந்த டாக்டரம்மாவின் வெள்ளைக் கோட்டில் புள்ளி புள்ளியாகக் கோலம் போட்டது. என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக ஓர் எண்ணெய்க் கறையைப் பார்த்துவிட்டு நான் யாரையும் திட்டவில்லை.

"முடிஞ்சுது" என்றேன். "லாரிக்குச் சொல்லிடு."

அவள் காற்றை அடைத்தாள். எஞ்சின் டுக் என்று நின்றது. மேசை இழுப்பறையைத் திறந்து எதையோ எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"நீராவில உங்க நூல் ரொம்ப நாள் தாங்காது அத்தை. அதுக்கு இதைத்தான் சுத்தணும்."

ஒரு சின்ன உருளையில் சுற்றிய கறுப்புக் கயிறு. பின்னலைத் தொட்டதுமே விரலில் கறுப்பு ஒட்டியது. நூல் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. இது இந்தப் பள்ளத்தில் உட்காருவதற்கென்றே பின்னியது.

"இது எங்கேருந்து வந்துச்சு?"

"பெட்டியோடவே வந்துச்சு."

"எந்தப் பெட்டி?"

"எஞ்சின் பெட்டிதான்." வெர்னியரை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள். ஏற்கனவே சுத்தமாக இருந்த வெர்னியர்.

முழுப் பூசணிக்காயை இழுப்பறைக்குள் மறைத்து வைத்திருந்திருக்கிறாள். பிஸ்டன் தளர்ந்தால் என்ன செய்வது என்று அவளுக்கு முதலிலிருந்தே தெரியும். தெரிந்தே முக்காலியில் உட்கார்ந்து சர்ர்ர் சர்ர்ர் என்று சக்கரத்தைச் சுண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தெரியாத கோடுகளும், இரண்டு முறை செய்த கிராங்கும் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன.

"வேணும்னே பண்ணியா?" என்று கேட்டேன்.

"நீங்க மட்டும்?"

இரண்டு பேரும் எஞ்சினையே பார்த்துக்கொண்டு நின்றோம். இனி அதைச் சொல்லாமல் இருக்க எனக்குத் தெம்பில்லை.

"போகாதே" என்றேன். "இங்கேயே இருங்க. நீ இல்லாம எனக்கு அந்தப் பக்கம் உக்காந்து தைக்க முடியாது."

அவள் கண்ணைப் புறங்கையால் துடைத்ததில் கன்னமெல்லாம் எண்ணெய். "இதை அன்னைக்குச் சாப்பிடும்போதே சொல்லியிருந்தா ஒரு டூல், ரெண்டு கிராங்க், இவ்வளவு பித்தளை எல்லாம் மிச்சமாயிருக்குமே அத்தை."

"நீ சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"நீங்கதான் 'நல்லது'ன்னு சொல்லிட்டீங்களே. அதுக்கு மேல நான் என்ன சொல்ல? அங்க போனா என்னை யாரு திட்டுவா? உங்க மகனுக்குத் திட்டவே வராது."

அந்த மகன் அப்போது போனைக் கையால் பொத்திக்கொண்டு வந்தான். எஞ்சின் ஓடின சத்தம் அவனுக்கும் கேட்டிருக்கிறது. "முடிஞ்சிடுச்சா? ஷெட்காரர் லைன்ல இருக்காரு. வர்றோம்னு சொல்லிடவா?"

மருமகள் போனை வாங்கினாள். "அண்ணா, ஷெட்டை டயர்க்காரருக்கே குடுத்துடுங்க. எங்க லேத்துல வேலை பாதியில நிக்குது." மறுமுனையில் ஏதோ கேட்டார்கள். "எஞ்சின் முடிஞ்சுதுங்க. ஆனா அது காத்துலதான் ஓடுது. நீராவி வேணும்னா பாய்லர் செய்யணுமில்ல?"

"பாய்லரா?" என்றான் மகன். "அது எப்ப முடியும்?"

"யாரு செய்யறாங்கங்கறதைப் பொறுத்தது" என்றாள் அவள்.

"யாரு செய்யறா?"

"அத்தைதான்."

அவன் என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், போய்ப் பாத்திர மூட்டையை அவிழ்க்க ஆரம்பித்தான். மருமகள் என் பக்கம் திரும்பினாள். பழக்கத்தில் நான் மறுபடி மாட்டிக்கொண்டிருந்த டேப்பை என் கழுத்திலிருந்து எடுத்து, சக்குச் சாவியோடு ஆணியில் மாட்டினாள்.